கணிதப் பேரறிஞர் மகாவீராசாரியர்

மகாவீரர் என்றவுடன் நம் இல்லங்களில் சிறு குழந்தைக்கும் நினைவில் எழுபவர் இருபத்துநான்காம் தீர்த்தங்கரராகிய வர்த்தமான மகாவீரரே ஆவார். அப்பெருமானின் திருப்பெயரைத் தாங்கி, அவருக்கு ஏறத்தாழ 1400 ஆண்டுகள் பிற்பட்டு, கன்னட நாட்டில் வாழ்ந்த கணித ஆசிரியர் ஒருவர் உண்டு. அவரை அறிந்தோர் நம்மவருள் மிகச் சிலரே. மற்றவர்களைக் குறை கூறும் தகுதி எனக்கில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த நானே, ஓய்வு பெற்ற பின்னர்தான் அவருடைய நூலைக் கையில் எடுத்தேன்.

மகாவீராசாரியர் வாழ்ந்த காலம் கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டு. தக்காணத்தை இராட்டிரகூடர் ஆண்ட காலம் அது. நிருபதுங்கன் என்றும் வழங்கப்பெற்ற முதலாம் அமோகவர்ஷன் சிறுவனாக இருந்தபோதே, கி.பி. 814-ஐ ஒட்டி அரியணை ஏறி, ஏறத்தாழ 64 ஆண்டுகள் ஆட்சி புரிந்தான். அவனது தலைநகர் மானியகேடம். இன்று கர்நாடக மாநிலம் கலபுரகி மாவட்டத்தில் மல்கேடு என்னும் சிற்றூராக இருக்கிறது. கன்னட மொழியில் நமக்குக் கிடைத்துள்ள நூல்களுள் மிகப் பழையதாகிய கவிராஜமார்க்கம் அவனது அவையில் தோன்றியதே. ஆதிபுராணம் இயற்றிய ஜினசேனாசாரியரை அவன் குருவாகப் போற்றினான். ஜினசேனர் நிறைவு செய்யாது விட்ட அப்பெரும் பணியை அவர் மாணாக்கர் குணபத்திரர் முடித்து மகாபுராணம் ஆக்கினார். நம் வீடுகளில் வாசிக்கப்பெறும் ஸ்ரீபுராணம் அம்மகாபுராணத்தை அடியொற்றித் தமிழும் வடமொழியும் கலந்த மணிப்பிரவாள நடையில் எழுந்தது என்பதை அன்பர்கள் அறிவர். ஆகவே மகாவீராசாரியர் வாழ்ந்த சூழல் நமக்கு முற்றிலும் அயலானதன்று.

அச்சூழலில் ஏறத்தாழ கி.பி. 850-இல் அவர் இயற்றிய நூலே கணிதசார சங்கிரகம். வடமொழியில் 1100-க்கும் மேற்பட்ட சுலோகங்களும் ஒன்பது அதிகாரங்களும் கொண்டது. தொடக்கத்தில் வர்த்தமானரை வணங்குகிறார். அடுத்து, ஒருதலைக் கொள்கைகளை வென்று சியாத்வாதத்தை மேற்கொண்ட மன்னன் என்று அமோகவர்ஷனை வாழ்த்துகிறார். தம் பிறப்பு, பெற்றோர், ஊர் இவற்றைப் பற்றி ஒரு சொல்லும் எழுதினாரல்லர். முன்னோர் கண்ட கணிதக் கடலிலிருந்து மணிகளைத் திரட்டித் தருபவராக மட்டுமே தம்மைக் காட்டிக்கொள்கிறார். பின்னர்க் கணிதத்தின் பயனைக் கூறும்போது இசை, நாடகம், மருத்துவம், கட்டடக்கலை ஆகியவற்றோடு சமையற்கலையையும் சேர்த்திருக்கிறார். அடுப்படியை மறவாத அவ்வாசிரியர்மீது எனக்குத் தனி மதிப்பு உண்டாயிற்று.

துறவு நெறியைச் சார்ந்தோர்க்குக் கணக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நம் ஆகமங்களில் மூவுலகின் அளவும், காலத்தின் அளவும், கருமங்களின் நிலையும் எண்களாலேயே விளக்கப்பெறுகின்றன. எண்களைச் சங்கியாதம், அசங்கியாதம், அநந்தம் எனப் பகுத்து, எண்ணிலடங்குவதையும் அடங்காததையும் நம் முன்னோர் ஆராய்ந்தனர். சுவேதாம்பர ஆகமமாகிய ஸ்தானாங்க சூத்திரம் கணிதத்தின் பொருள்களைப் பத்தாகக் கூறுகிறது; அவற்றுள் ஒன்று கலாசவர்ணம், அதாவது பின்னக் கணக்கு. மகாவீராசாரியர் தம் நூலின் மூன்றாம் அதிகாரத்துக்கு இப்பெயரையே இட்டார். நான்காம் அதிகாரமும் பின்னங்களைக் கொண்டு செய்யும் பல்வகைக் கணக்குகளே.

கலாசவர்ணம் என்னும் இச்சொல்லைக் கண்டபோது நான் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். காரணத்தைச் சொல்லத்தான் வேண்டும்.

நான் பணியாற்றிய காலத்தில் ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, 1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டி 2/5 என்று எழுதினாள். மேலே உள்ள தொகுதிகளைத் தனியாகவும் கீழே உள்ள பகுதிகளைத் தனியாகவும் கூட்டியிருந்தாள். நான் சிவப்பு மையால் அடித்து, பகுதிகளைச் சமமாக்கிய பின்னரே கூட்ட வேண்டும் என்று சொன்னேன். முழு எண்களை அப்படியே கூட்டலாம் என்றால் இவற்றை ஏன் கூட்டக் கூடாது என்று அவள் கேட்டாள். விதி அப்படித்தான் என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன். அவள் அதற்குப் பிறகு என் வகுப்பில் கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை. பாதியோடு இன்னும் ஒரு பங்கு சேர்த்தால் பாதியைவிடக் குறையுமா என்று திருப்பிக் கேட்டிருந்தால் அவளே தன் பிழையைக் கண்டிருப்பாள். ஏனெனில் 2/5 பாதிக்கும் குறைவு. ஆசிரியப் பயிற்சியில் எனக்கு விதியைக் கற்பித்தார்கள். நானும் விதியையே கற்பித்தேன்.

கலை என்றால் பங்கு. சவர்ணம் என்றால் ஒரே நிறம், ஒரே இனம். பங்குகளை ஒரே நிறத்தன ஆக்குதல் என்பதே கலாசவர்ணம். அந்தச் சிறுமி கேட்ட கேள்விக்கு விடை அப்பெயரிலேயே இருக்கிறது. மூன்று மாம்பழத்தோடு இரண்டு மாம்பழத்தைச் சேர்த்து ஐந்து என்கிறோம். எல்லாம் ஓரினமாதலின் எண்ணிக்கை செல்லும். பாதியும் மூன்றிலொன்றும் ஓரினமல்ல. ஒரு பழத்தை ஆறு துண்டாக்கினால் பாதி என்பது மூன்று துண்டு, மூன்றிலொன்று என்பது இரண்டு துண்டு. இப்போது இரண்டும் ஒரே நிறம் பெற்றன. முழு எண்களைப் போலவே மூன்றும் இரண்டும் ஐந்து என்று கூட்டலாம். ஆறில் ஐந்து பங்கு விடை. பகுதி என்பது துண்டின் இனத்தைச் சொல்வது, தொகுதி என்பது எத்தனை துண்டு என்று சொல்வது. இனத்தின் பெயரை யாரும் கூட்டுவதில்லை.

நிறம் ஒன்றாக்குவதற்குப் பகுதிகள் அனைத்தையும் பெருக்கினாலும் போதும். ஆனால் எண் வீணே பெருகும். இதற்கு மகாவீராசாரியர் நிருத்தம் என்னும் ஓர் எண்ணைக் காண வழி கூறினார். பகுதிகளுக்குப் பொதுவான காரணிகளையும், அவற்றால் வகுத்த பின் எஞ்சும் ஈவுகளையும் பெருக்கினால் அது கிடைக்கும். 6, 8 என்னும் பகுதிகளுக்குப் பொதுக்காரணி 2, ஈவுகள் 3, 4, பெருக்கினால் 24. பகுதிகளையே பெருக்கியிருந்தால் 48 ஆகியிருக்கும். இன்று பிள்ளைகள் மீச்சிறு பொது மடங்கு என்று படிப்பது இதுவே. இன்றைய வடிவில் இதனை இந்தியாவில் முதலில் எழுதி வைத்தவர் இவரே என்று கணித வரலாற்றாசிரியர்கள் கூறுவர்.

பின்னங்களை அவர் ஆறு சாதிகளாக வகுத்தார். தனிப் பின்னம் பாகம். பங்கின் பங்கு பிரபாகம். பின்னத்தால் வகுக்கப்பெற்றது பாகபாகம். முழு எண்ணோடு பின்னம் சேர்ந்தது பாகானுபந்தம். முழு எண்ணிலிருந்து பின்னம் நீங்கியது பாகாபவாகம். இவை ஐந்தும் இரண்டு இரண்டாகவும், மூன்று மூன்றாகவும், அதற்கு மேலும் கலந்து வருவது பாகமாதா என்னும் ஆறாம் சாதி. அது 26 வகைப்படும் என்கிறார். ஐந்து பொருள்களுள் இரண்டோ அதற்கு மேலோ சேரும் வழிகளை எண்ணிப் பாருங்கள். சரியாக 26 வரும்.

இவற்றுள் பாகானுபந்தமே முழு எண்ணுக்கும் பின்னத்துக்கும் உள்ள உறவைத் தெளிவாகக் காட்டுவது. அனுபந்தம் என்றால் பின்தொடர்ந்து கட்டுண்டது. இரண்டரை என்று நாம் சொல்லும்போது இரண்டு வேறு, அரை வேறு என்று தோன்றுகிறது. இரண்டையும் அரைகளாக்கினால் நான்கு அரை; கட்டியிருந்த அரையையும் சேர்த்தால் ஐந்து அரை. முழு எண்ணைப் பகுதியால் பெருக்கித் தொகுதியைக் கூட்டு என்று நாம் ஒப்பிப்பது இச்செயலையே. அக்காலத்தில் பின்னத்தை எழுதும் முறையும் இதற்குத் துணை செய்தது. மேலே தொகுதி, கீழே பகுதி; இடையே கோடு கிடையாது. கோடு பின்னர் அரபு நாட்டுக் கணிதர்களால் வந்தது. கலப்புப் பின்னமானால் முழு எண்ணை எல்லாவற்றுக்கும் மேலே எழுதினர். பகுதி இல்லாத முழு எண்ணுக்கு ஒன்றைப் பகுதியாகக் கொள்வது நம் நாட்டுக் கணித மரபு. ஆகவே அவர்களுக்கு முழு எண்ணும் ஒரு பின்னமே. அதன் துண்டு சிதையாத துண்டு, அவ்வளவே வேறுபாடு.

இங்கு ஒன்று என் மனத்தில் தோன்றியது. நயம் ஒவ்வொன்றும் பொருளின் ஓர் அம்சத்தைக் காட்டும், பிரமாணம் முழுப்பொருளையும் காட்டும் என்று நம் தருக்க நூல்கள் கூறுகின்றன. கணிதத்திலும் பின்னத்தின் தொகுதிக்கு அம்சம் என்றே பெயர். மகாவீராசாரியர் இவ்விரண்டையும் ஒப்பிட்டு எழுதவில்லை; இது என் எண்ணமே.

வகுத்தலுக்கு அவர் சொன்ன முறை, வகுக்கும் பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்குவது. இன்றும் நாம் செய்வது அதுவே. பிள்ளைகள் இங்கே மீண்டும் திகைப்பர். வகுத்தால் குறைய வேண்டாமா? மூன்றை எட்டிலொன்றால் வகுத்தால் 24 ஆவது எப்படி? எங்கள் இளமையில் வீட்டில் படியும் ஆழாக்கும் இருந்தன. ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு. மூன்று படி அரிசியை ஆழாக்கால் அளந்தால் 24 முறை அளக்கலாம் என்று எந்தப் பாட்டியும் சொல்லிவிடுவாள். அளக்கும் துண்டு சிறிதானால் எண்ணிக்கை பெரிதாகும்.

இனி அவருடைய நூலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். தொகுதி ஒன்றாகவே உள்ள பின்னங்களை ரூபாம்சக ராசி என்பார். முழு ஒன்றை இத்தகைய பின்னங்களாகப் பிரிக்க வேண்டும். எத்தனை பின்னம் வேண்டுமோ அத்தனையாக, ஒன்றைப்போல் ஒன்று இல்லாமல். பழைய எகிப்தியரும் இத்தகைய பின்னங்களைக் கையாண்டனர் என்பது அவர்கள் பாப்பிரஸ் ஏடுகளால் தெரிகிறது. மகாவீராசாரியரோ இதற்குப் பொது விதியே கூறினார். ஒன்றில் தொடங்கி மும்மூன்றாகப் பெருகும் எண்களைப் பகுதிகளாக எழுதுக. முதலாவதை இரண்டால் பெருக்குக. கடைசியை மூன்றில் இரண்டால் பெருக்குக. மூன்று பின்னம் வேண்டுமானால் 1, 3, 9 என்பன 2, 3, 6 ஆகும். 1/2, 1/3, 1/6 ஆகியவற்றைக் கூட்டினால் ஒன்று. நான்கு வேண்டுமானால் 1/2, 1/3, 1/9, 1/18. ஐந்து வேண்டுமானால் 1/2, 1/3, 1/9, 1/27, 1/54. கடைசியதைப் பாருங்கள்: 54-ஐப் பொதுப் பகுதியாகக் கொண்டால் 27, 18, 6, 2, 1; கூட்டுத்தொகை 54. ஐம்பத்துநான்கில் ஐம்பத்துநான்கு பங்கு, அதாவது முழு ஒன்று. எத்தனை உறுப்பு வரை நீட்டினாலும் குறைவும் மிகையும் இல்லை. வேறு விதிகளும் தந்து, எந்தப் பின்னத்தையும் இவ்வாறு ஒற்றைத் தொகுதிப் பின்னங்களாகப் பிரிக்கும் வழியையும் காட்டினார்.

அவருடைய கணக்குகளில் உலக வாழ்க்கை முழுவதும் வருகிறது. ஜின பூசைக்கு மலரும் சந்தனமும் வாங்குவோர், வணிகர், யானைக் கூட்டம், வண்டு, மயில் எல்லாம் உண்டு. எண்களுக்குப் பதிலாகச் சொற்களைக் கையாளும்போது ஏழுக்குத் தத்துவம், எட்டுக்குக் கருமம் என்று வைப்பார். சமண நூல் பயின்றோர்க்குச் சொன்னவுடன் விளங்கும்.

ஒரு கணக்கு இது. கணவனும் மனைவியும் ஊடியபோது அவள் கழுத்து முத்துமாலை அறுந்தது. முத்துகளில் மூன்றிலொரு பங்கு பணிப்பெண் கையில் சேர்ந்தது. ஆறிலொரு பங்கு படுக்கையில் விழுந்தது. எஞ்சியதில் பாதி, அதில் எஞ்சியதில் பாதி என்று ஆறு முறை எங்கெங்கோ சிதறியது. முடிவில் 1161 முத்துகள் மிஞ்சின. மாலையில் இருந்தவை எத்தனை? மூன்றிலொன்றும் ஆறிலொன்றும் சேர்ந்தால் பாதி. மற்றப் பாதி ஆறு முறை பாதியானால் 128-இல் ஒரு பங்கு. ஆகவே மொத்தம் 1,48,608 முத்துகள். அத்தனை முத்தைக் கழுத்தில் தாங்கிய அம்மையாரை நினைத்து நான் சிரித்தேன். ஒட்டகக் கணக்கு ஒன்றும் உண்டு. கூட்டத்தில் நான்கிலொரு பங்கு காட்டில். மொத்தத்தின் வர்க்கமூலத்தைப் போல் இரு மடங்கு மலைச்சாரலில். மீதம் பதினைந்து ஆற்றங்கரையில். விடை 36. இதனை வீட்டுப் பிள்ளைகள் சரிபார்த்துக் கொள்ளலாம்.

பெருக்கலில் மாலை போன்ற எண்கள் வரும் கணக்குகளையும் அமைத்தார். 142857143 என்பதை 7-ஆல் பெருக்கினால் 1000000001 வரும்; இரு முனையிலும் மணி வைத்த அரச மாலை என்று அதற்குப் பெயர். அவ்வெண்ணின் முன்பகுதி 142857, நாம் 1/7-ஐத் தசம பின்னமாக எழுதும்போது திரும்பத் திரும்ப வருவதே. எண்களின் இடங்களை 24 வரை பெயரிட்டதும், பல பொருள்களுள் சிலவற்றைத் தேர்ந்தெடுக்கும் வழிகளை எண்ணப் பொது விதி தந்ததும், குறை எண்ணுக்கு வர்க்கமூலம் இல்லை என்று உணர்ந்ததும் அவர் சிறப்புகள்.

ஓரிடத்தில் பிழை செய்தார்; அதனை மறைப்பது முறையன்று. ஓர் எண்ணைப் பூச்சியத்தால் வகுத்தால் அவ்வெண் மாறாது என்று எழுதினார். பங்கிட்டுக் கொள்ள ஒருவரும் இல்லையெனில் பொருள் அப்படியே இருக்கும் என்று கருதினார் போலும்; என் மாணவர் பலரும் அவ்வாறே கருதினர். மாறாமல் இருப்பது ஒன்றால் வகுக்கும்போதுதான். ஒன்றைப் பகுதியாகக் கொண்டால் முழு எண். பூச்சியத்தைப் பகுதியாகக் கொள்ள இடமே இல்லை. மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் 1150-இல் பாஸ்கராசாரியர் அதனை முடிவிலி என்று கொண்டார். இன்றைய கணிதமோ அத்தகைய வகுத்தலுக்குப் பொருளே இல்லை என்று விலக்கிவிட்டது.

அவர் நூல் தென்னாட்டில் நெடுங்காலம் பயிலப்பெற்றது. பதினோராம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லனா இதனைத் தெலுங்கில் ஆக்கினார். ஜினரைப் பற்றிய இடங்களில் சிவபெருமானை வைத்தார் எனினும் கணக்குகள் தப்பிப் பிழைத்தன. பின்னர் ஏடுகள் மடங்களிலும் நூலகங்களிலும் உறங்கின. அவற்றை எழுப்பிய பெருமை சென்னைக்கு உரியது. மாநிலக் கல்லூரியில் வடமொழிப் பேராசிரியராகவும் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் காப்பாளராகவும் இருந்த எம். ரங்காசாரியர், நூலகத்தில் இருந்த குறைச் சுவடிகளோடு மைசூரிலிருந்து ஒரு படியையும், மூடபிதிரி ஜைன மடத்திலிருந்து கன்னட எழுத்து ஓலைச் சுவடியையும் பெற்று ஒப்பிட்டார். அமெரிக்கக் கணித வரலாற்றறிஞர் டேவிட் யூஜின் ஸ்மித் 1908-இல் ரோம் நகரில் கூடிய கணிதப் பேரவையில் இந்நூலைப் பற்றி உரை நிகழ்த்தினார். ஆங்கில மொழிபெயர்ப்புடனும் ஸ்மித்தின் முன்னுரையுடனும் 1912-இல் சென்னை அரசு அச்சகத்தில் நூல் வெளிவந்தது. 1963-இல் சோலாப்பூரிலிருந்து இந்தி மொழிபெயர்ப்புடன் ஒரு பதிப்பும், 2000-இல் ஹொம்புஜ ஜைன மடத்தின் வாயிலாகக் கன்னட மொழிபெயர்ப்புடன் ஒரு பதிப்பும் வந்தன. நான் படித்தது 1912-ஆம் ஆண்டுப் பதிப்பின் மறு அச்சு. கலாசவர்ண அதிகாரம் மட்டும் படிக்க எனக்கு ஒரு கோடை விடுமுறைக் காலம் பிடித்தது. பேத்தி பக்கத்தில் அமர்ந்து கணக்குகளைப் போட்டாள். 1/2-ஐயும் 1/3-ஐயும் முதலில் கூட்டச் சொன்னேன். அவளும் 2/5 என்றுதான் எழுதினாள். இம்முறை சிவப்பு மையை எடுக்கவில்லை. ஒரு மாம்பழமும் கத்தியும் கொண்டுவரச் சொன்னேன்.